படையில் இருப்பவர் தம்பிக்குச் சிறுநீரகம் தரலாமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். வயது 36, சர்வீஸ் 17 வருடம். இப்போது லடாக் மலைப்பகுதியில் லே பக்கம் போஸ்டிங். அவருடைய தம்பிக்கு (31) இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாகச் சொல்லி, திருச்சியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. கொழுந்தனாருக்கு பி பாசிட்டிவ், என் கணவருக்கு ஓ பாசிட்டிவ். மாமியாருக்கு 58 வயது, சர்க்கரை இருக்கிறது. மாமனார் இல்லை. ஓரகத்தி ஏ குரூப். கணவர் தானே தருவதாகச் சொல்கிறார். "யூனிட்டில் சொன்னால் மெடிக்கல் கேட்டகரி இறங்கிவிடும், ஆனுவல் லீவில் போய்ச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு வா" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். உறுப்பு தானத்துக்கு 42 நாள் லீவ் உண்டு என்றும் கேள்விப்பட்டோம். ராணுவம் அனுமதிக்குமா? வேலைக்கு ஆபத்து வருமா? பிறகு அவரால் பழையபடி ஓடவும் சுமக்கவும் முடியுமா? — ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

முதலில் அந்த 'சத்தமில்லாமல்' யோசனையை விட்டுவிடச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே ஆபத்தானது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது.

ஏன் மறைக்க முடியாது என்றால், உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்தாலும் சிறுநீரகத்தை வெளியே கொண்டுவர அடிவயிற்றில் ஆறேழு சென்டிமீட்டர் வெட்டு வேண்டும்; அதோடு மூன்று நான்கு சிறு துளைத் தழும்புகள். அடுத்த மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றியதும் கேள்வி வரும். ஸ்கேன் எடுத்தால் ஒரு பக்கம் காலியாக இருக்கும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 0.9 இருந்தவருக்கு 1.3 காட்டும். அப்போது 'ஏன் சொல்லவில்லை' என்பது ஒழுங்கு நடவடிக்கையாக மாறும். கேட்டகரியை விட அது பெரிய தலைவலி.

அதைவிடவும் முக்கியமானது உயிர் சம்பந்தப்பட்டது. லீவ் முடிந்து, அறுவையின் எட்டாவது வாரத்தில் மலை மேல் ஏறிப் போனவருக்கு வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தால், அங்குள்ள மருத்துவருக்கு ஒரு சிறுநீரகம் இல்லை என்பதே தெரியாது. வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி, காய்ச்சலுக்கு ஜென்டாமைசின் அல்லது அமிக்காசின் என்று போய்விடலாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் ஒரே சிறுநீரகம் அடிவாங்கும்.

இன்னொன்று, மருத்துவமனைப் பக்கமும் இதை மறைக்க விடாது. தானம் தருபவரின் தொழில் என்ன என்று விசாரிக்காமல் எந்த மாற்று அறுவை மையமும் ஒப்புக்கொள்வதில்லை. படைவீரர் என்றதும் சி.ஓ.வின் (யூனிட் தலைமை அதிகாரி) கடிதம் எங்கே என்று கேட்கலாம்.

இனி அனுமதி. யூனிட் மருத்துவரான ஆர்.எம்.ஓ.விடம் வாய்மொழியாகச் சொல்வதோ, கம்பெனி கமாண்டர் தலையாட்டுவதோ அனுமதி ஆகாது. எழுத்தில் விண்ணப்பம் கம்பெனி வழியாக சி.ஓ.வுக்குப் போக வேண்டும். யூனிட்டோடு அது முடிவதில்லை. ராணுவ மருத்துவ அதிகாரிகளின் கருத்து கேட்கப்படும், மிலிட்டரி ஆஸ்பத்திரி நிபுணர் அவரைப் பார்ப்பார். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம் இணைப்புகள் குறைவாக இருப்பது. தம்பியின் சிறுநீரக மருத்துவர் தரும் நோய்ச் சான்றிதழ், டயாலிசிஸ் பதிவேட்டின் நகல், இருவரின் ரத்தப் பிரிவு அறிக்கை, உறவுச் சான்று, அறுவை செய்யப்போகும் மருத்துவமனையின் பெயரும் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் அதன் பதிவு எண்ணும், உத்தேச மாதம் — இவை எல்லாம் ஒரே கட்டில் இருக்கட்டும். 'என் சொந்த விருப்பத்தில் தருகிறேன், இதனால் மருத்துவத் தகுதி மாறலாம் என்பதை அறிவேன்' என்று அவர் கைப்பட எழுதிய ஒரு பத்தியையும் சேருங்கள்.  பதில் எழுத்தில் வரும்வரை அறுவைத் தேதியைக் குறிக்காதீர்கள்.

42 நாள் விஷயம் பாதி உண்மை. 2023 ஏப்ரலில் மத்திய அரசின் பணியாளர் துறை, உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு அதிகபட்சம் 42 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று ஆணை போட்டது. அது சிவில் ஊழியர்களுக்கான விடுப்பு விதிகளின் கீழ் வருபவர்களுக்கு. சீருடைப் படையினருக்குப் படையின் சொந்த விடுப்பு விதிகள்தான். யூனிட் கிளார்க்கிடம் அந்த ஆணையின் நகலைக் காட்டிச் சண்டை போடுவதில் பயனில்லை. ஆனுவல் லீவ் எவ்வளவு பாக்கி, அறுவைக்குப் பின் மிலிட்டரி ஆஸ்பத்திரி சிக் லீவ் பரிந்துரைக்குமா என்ற இரண்டையும் அனுமதி கேட்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். சிவில் மருத்துவமனையில் அறுவை நடந்தால், டிஸ்சார்ஜ் ஆனதும் அருகிலுள்ள மிலிட்டரி ஆஸ்பத்திரியில் போய் ஆஜராக வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் சென்னையிலும் வெலிங்டனிலும் இருக்கின்றன. திருச்சியிலிருந்து இரண்டுமே தூரம். அறுவை முடிந்த உடம்போடு அந்தப் பயணம் எப்படி என்பதை இப்போதே யோசியுங்கள்.

கேட்டகரியைப் பற்றி நண்பர்கள் சொன்னது பொய்யில்லை. எந்தப் பெரிய அறுவைக்குப் பின்னும் ஷேப்-1 (முழு மருத்துவத் தகுதி) அப்படியே இருக்காது. வழக்கமாக, பொது உடல்நிலையைக் குறிக்கும் 'பி' எழுத்தின் கீழ் தற்காலிகமாக இறக்கி, 24 வாரம் கழித்து மறுபடி மெடிக்கல் போர்டு வைப்பார்கள். ஒற்றைச் சிறுநீரகம் என்பது 24 வாரத்தில் மாறிவிடும் விஷயம் இல்லை என்பதால் அது நிரந்தரமாகவும் ஆகலாம். அந்த மனத் தயாரிப்போடு இறங்குவதுதான் சரி. கேட்டகரி எண்ணைவிட அவருடைய அன்றாடத்தைத் தீர்மானிப்பது அதோடு வரும் கட்டுப்பாடுகள்: உயரமான மலைப்பகுதி கூடாது, கடும் வெப்பம் கூடாது, இவ்வளவு சுமைக்கு மேல் கூடாது என்று போர்டு எழுதுவது. லே போஸ்டிங் அநேகமாக அதோடு முடிந்துவிடும். உங்களுக்கு அது சந்தோஷமாகக்கூட இருக்கலாம். அவருக்கு எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

வேலை போகுமா? குறைந்த மருத்துவத் தகுதி என்ற ஒன்றை மட்டும் காட்டி, இன்வாலிடிங் மெடிக்கல் போர்டு (இனிப் பணிக்கு உடல் தகாது என்று முடிவெடுக்கும் மருத்துவக் குழு) வைக்காமல் ஒருவரை வெளியே அனுப்ப முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவருக்கு 17 வருடம் முடிந்திருப்பது பெரிய ஆறுதல்; ஓய்வூதியத்துக்குத் தேவையான 15 வருடத்தைத் தாண்டிவிட்டார். 13, 14 வருடத்தில் நிற்பவர் கேட்டிருந்தால் பொறுக்கச் சொல்லியிருப்பேன். அடி விழக்கூடிய இடங்கள் வேறு: நாயிப் சுபேதார் பதவி உயர்வு, அதற்கான கோர்ஸ்கள், சர்வீஸ் நீட்டிப்பு, ஓய்வுக்குப் பின் டி.எஸ்.சி.யில் (ராணுவ இடங்களைக் காக்கும் பாதுகாப்புப் பிரிவு) சேரும் திட்டம். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் எங்கே நிற்கிறது, இந்த வருடம் கோர்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதியை முன்னே பின்னே தள்ளுவது சுயநலம் ஆகாது. டயாலிசிஸில் இருக்கும் தம்பிக்கு மூன்று மாதத் தாமதத்தைப் பெரும்பாலும் தாங்க முடியும். இயலாமை ஓய்வூதியத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். சொந்த விருப்பத்தில் செய்த தானத்தால் வந்ததை ராணுவப் பணியால் வந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

சரி, அனுமதி வரும் என்றே வைத்துக்கொள்வோம். அவர் தரக்கூடியவர்தானா என்பது தனிக் கேள்வி. அதற்கு முன், தம்பிக்கு ஏன் சிறுநீரகம் போயிற்று என்று யாராவது சொன்னார்களா? 'சுருங்கிவிட்டது' என்பது முடிவு, காரணம் இல்லை. பரம்பரை நீர்க்கட்டி நோயில் சிறுநீரகம் பெருக்கும், சுருங்காது. ஆகவே அந்தச் சந்தேகம் ஏறக்குறைய போகிறது. ஆனால் 31 வயதில் காரணம் தெரியாமல் இரண்டும் சுருங்கியிருந்தால், குடும்பத்தில் ஓடும் வேறு நோய்களைத் தேடியே ஆக வேண்டும். அண்ணனுக்கும் அதே விதை இருந்து இன்னும் முளைக்காமல் இருக்கலாம். அவருடைய சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்த அணுக்கள் திரும்பத் திரும்ப வந்தால், மரபணுச் சோதனையோ பயாப்ஸியோ செய்யாமல் மேலே போகக் கூடாது. உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காகவும் இந்தப் பதில் தேவை.

படையில் இருப்பவர்களைச் சோதிக்கும்போது சிவில் மருத்துவர்கள் தடுமாறும் சில இடங்கள் உண்டு. உடற்தகுதித் தேர்வில் 5 கிலோமீட்டர் ஓடிய மறுநாள் சிறுநீர் கொடுத்தால் புரதமும் ரத்தமும் வரும். நல்ல சிறுநீரகத்தைக் கெட்டது என்று எழுதிவிடுவார்கள். சோதனைக்கு முன் 48 மணி நேரமாவது ஓட்டம், ஜிம் வேண்டாம். தசை அதிகமுள்ளவருக்கும் கிரியேட்டின் பொடி சாப்பிடுபவருக்கும் ரத்தக் கிரியாட்டினின் கூடுதலாகக் காட்டும். அதை வைத்து, சிறுநீரகம் வடிகட்டும் அளவுக்குப் போடும் கணக்கு குறைவாக வரும் என்பதால் டி.டி.பி.ஏ. என்ற ஸ்கேனில் அந்த அளவை நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். லேயிலிருந்து இறங்கிய வாரமே சோதனைக்கு உட்காராதீர்கள். உயரத்தில் ஹீமோகுளோபின் ஏறியிருக்கும், ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம், சிறுநீரில் புரதம் கசியலாம். சமவெளியில் சில வாரம் இருந்த பின் எடுப்பதே நம்பத்தக்கது. முதுகுவலிக்கும் முட்டிவலிக்கும் மாத்திரை போட்டுப் பழகியவர் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். சோதனைக்கு முன்பே நிறுத்த வேண்டும். சிகரெட்டை அறுவைக்கு நான்கு வாரம் முன்னாவது விட வேண்டும்.

அளவுகளைப் பொறுத்தவரை, இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிடத்துக்கு 90 மில்லிக்கு மேல் வடிகட்டினால் பொதுவாகச் சரி. 60-க்குக் கீழ் என்றால் முடியாது. இடையில் இருந்தால் வயதையும் மற்றவற்றையும் பார்த்து முடிவு. 24 மணி நேரச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 100-ஐத் தாண்டினால் தானம் கிடையாது. 36 வயதுக்காரருக்கு நான் 90-க்குச் சற்று மேலே இருப்பதைக்கூடத் தயக்கத்தோடுதான் பார்ப்பேன். இன்னும் நாற்பது வருடம் அந்த ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஓட்ட வேண்டியவர். ரத்தப் பிரிவில் சிக்கல் இல்லை. ஓ பிரிவுக்காரர் பி பிரிவுக்காரருக்குத் தரலாம். உடன்பிறந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு முழு எச்.எல்.ஏ. (திசுவகை) பொருத்தம், இரண்டு பங்கு பாதிப் பொருத்தம், ஒரு பங்கு பொருத்தமே இல்லை. கடைசியது வந்தாலும் கிராஸ்மேட்ச் (தம்பியின் ரத்தத்தில் அண்ணனின் செல்களுக்கு எதிர்ப்பு உண்டா என்று பார்க்கும் சோதனை) நெகடிவ் என்றால் அறுவை செய்யலாம். காத்திருக்கும் நாட்களில் தம்பிக்கு ரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிருங்கள். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் எதிர்ப்பொருளைக் கிளப்பி அந்த கிராஸ்மேட்ச்சைக் கெடுக்கலாம். வாரம் இரண்டு டயாலிசிஸ் போதுமா, மூன்றாக்க வேண்டுமா என்றும் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு தர்மசங்கடமான விஷயம். வீட்டில் வேறு யாரையும் சோதித்தீர்களா? மாமியாருக்குச் சர்க்கரை என்பதால் அவர் இல்லை. ஓரகத்தி ஏ குரூப் என்பதால் தன் கணவருக்கு நேராகத் தர முடியாது; ஆனால் 2011 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஜோடிகள் மாற்றிக் கொடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. பி பிரிவு தானம் தருபவர், ஏ பிரிவு நோயாளி என்று ஒரு குடும்பம் கிடைத்தால் முடியும். நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், ஓரகத்தியின் மேல் இதைத் தள்ளிவிடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்று வழிகள் மேசையில் இருந்தால்தான் உங்கள் கணவரின் 'சரி' உண்மையான சரியாக இருக்கும். 'பட்டாளத்துக்காரன், உடம்பு இரும்பு' என்று சொல்லியே மூத்த பிள்ளையின் தலையில் கட்டுவது நம் வீடுகளில் நடக்கிறது. அவரைத் தனியாக வைத்து மருத்துவமனையில் ஒரு நேர்காணல் நடக்கும். அங்கே அவர் மனம் மாறினால், 'மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை' என்று மட்டும் வீட்டாருக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளலாம். மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம்வரை அந்த உரிமை அவருக்கு உண்டு. தம்பியின் பெயரை, இறந்தவர் உறுப்புக்கான மாநிலக் காத்திருப்புப் பட்டியலிலும் அவர் சிகிச்சை பெறும் மாற்று மையம் வழியாகப் பதிந்து வையுங்கள்.

காகித வேலையில் உங்களுக்கு வரப்போகும் சிக்கலை இப்போதே சொல்லிவிடலாம். அண்ணன்-தம்பி என்பது சட்டப்படி நெருங்கிய உறவு; மருத்துவமனையின் தகுதியுள்ள அதிகாரியே அனுமதி தரலாம், பெரிய குழுவுக்குப் போக வேண்டாம். ஆனால் உறவு ஐயமில்லாமல் நிற்க வேண்டும். தம்பியின் ஆதாரில் அப்பா பெயர் ஓர் இனிஷியலாக இருக்கும். ராணுவ ஆவணத்தில் அண்ணனுக்கு அதே பெயர் நீட்டி, வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். இருவர் சான்றிதழிலும் பிறந்த தேதிகள் ஆறு மாத இடைவெளியில் நிற்கும் கூத்தும் உண்டு. இருவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, குடும்பப் புகைப்படங்கள், தாசில்தார் தரும் உறவுச் சான்று எல்லாவற்றையும் திரட்டுங்கள். அதோடு தானம் தருபவரின் படிவம் 1, இருவரும் சேர்ந்து போடும் படிவம் 11, மருத்துவர் தரும் படிவம் 4, மரபு உறவுக்கான படிவம் 5. காகிதத்தில் உறவு நிற்கவில்லை என்றால் டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புவார்கள், மாமியாரின் ரத்தமும் தேவைப்படலாம். நேர்காணலை வீடியோ எடுப்பார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். பணம் கைமாறியது என்ற சாயல்கூட வரக் கூடாது. அதற்குத் தண்டனை 5 முதல் 10 ஆண்டு சிறை, அபராதம் 20 லட்சத்தில் தொடங்குகிறது. செலவைப் பொறுத்தவரை, தம்பி குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் விண்ணப்பிக்கலாம். தானம் தருபவரின் சோதனைச் செலவு அதில் எதுவரை அடங்கும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள்.

அறுவை இரண்டு முதல் நான்கு மணி நேரம். ரத்தக்குழாய் நீளமாக இருப்பதால் பெரும்பாலும் இடப்பக்கத்தை எடுப்பார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் வீடு. உயிராபத்து பத்தாயிரத்தில் ஒன்று முதல் மூன்று. நீண்ட கால ஆபத்தையும் சொல்ல வேண்டும்: அமெரிக்கக் கணக்கு ஒன்றின்படி, தானம் தந்தவர்களில் 15 ஆண்டுக்குள் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பத்தாயிரத்துக்குச் சுமார் 31 பேர், அதே அளவு ஆரோக்கியமுள்ள, தானம் தராதவர்களில் சுமார் 4 பேர். சிறிய எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை.

முதல் ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. இங்கேதான் படைவீரர்கள் அவசரப்படுகிறார்கள். வெளியே தோல் பத்து நாளில் ஆறிவிடும், வலியும் போய்விடும். உள்ளே தசைச் சவ்வு பலப்பட மூன்று மாதம் ஆகும். அதற்குள் கயிறு ஏறுதல், பேக் தூக்குதல் என்று இறங்கினால் வெட்டிய இடத்தில் ஹெர்னியா (குடலிறக்கம்) வரலாம், இன்னொரு அறுவை வேண்டியிருக்கும், கேட்டகரியும் இன்னும் நீளும். நடை இரண்டாம் நாளே தொடங்கலாம், மெதுவான ஓட்டம் எட்டு வாரத்துக்குப் பின், முழுச் சுமை 12 வாரத்துக்கு முன் வேண்டாம். அதன் பிறகு ஓடவும் சுமக்கவும் முடியுமா என்றால், முடியும். ஒற்றைச் சிறுநீரகம் மூச்சையோ தசை பலத்தையோ குறைப்பதில்லை. பயப்பட வேண்டியது நீர் வற்றுவதற்கும், கடும் வெயிலில் அளவுக்கு மீறிய உழைப்பில் தசை சிதைந்து கழிவு சிறுநீரகத்தை அடைப்பதற்கும், விலாவில் விழும் அடிக்கும்.

ஊர் திரும்பும் முன் மருத்துவமனையிலிருந்து அறுவைக் குறிப்பும், தானத்துக்கு முந்தைய கிரியாட்டினின், வடிகட்டும் அளவு இரண்டும் எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கமும் வாங்கிக்கொள்ளுங்கள். தானத்துக்குப் பின் மொத்த வடிகட்டல் முன்பிருந்ததில் 60 முதல் 70 சதவீதத்தில் நிலைக்கும். அந்தப் பழைய எண் கையில் இல்லாவிட்டால், புதிய எண்ணை மட்டும் பார்க்கும் போர்டு 'நாள்பட்ட சிறுநீரக நோய்' என்று எழுதிவிடக்கூடும். அதைத் திருத்துவது பெரும்பாடு. எந்த எம்.ஐ. ரூமுக்குப் (யூனிட் மருத்துவ அறை) போனாலும் 'ஒரு சிறுநீரகம்தான்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லட்டும். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆறாம் மாதத்திலும் பிறகு வருடம் ஒருமுறையும் ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் மூன்றும் பார்க்க வேண்டும். ஆறாம் மாதச் சோதனையை 24 வாரப் போர்டுக்கு இரண்டு வாரம் முன்னதாக வைத்துக்கொண்டால், அறிக்கை கையோடு போய்விடும்.